முக்காடு இல்லீங்க, கொங்காணி

முக்காடு இல்லீங்க, இது கொங்காணி. பஸ்ஸ விட்டு எறங்குனதுலேருந்து என் தலையவே பாக்குறீங்களே, அதான் சொல்றேன். யூரியா சாக்கு. ஒரு மூலையப் புடிச்சு அடுத்த மூலைக்குள்ள தள்ளிட்டா முடிஞ்சுது. தலைக்குக் கூம்பு, முதுகுக்குத் தொங்கல். நடவு நடயில ரெண்டு கையும் சேத்துல இருக்கும், கொடைய யாரு புடிக்கறது?

உள்ள தள்ளி உக்காருங்க, அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்புக் கூரை ஒழுகுது. பையத் தரையில வைக்காதீங்க, மடியிலயே இருக்கட்டும். என்னமோ வட்டமா புடைச்சுக்கிட்டு இருக்கு. என்னன்னு கேக்கல. என்ன, தொண்ட கட்டியிருக்கா? அப்ப பேசாதீங்க, தலைய ஆட்டுனா போதும். எங்க வீட்டுலயும் நான்தான் பேசுவேன்.

நீங்க வந்தீங்களே, அந்த பஸ்ஸுலதான் நான் ஏறணும். திருப்பனந்தாள்ல சோலி. போகட்டும், அடுத்தது வரும். மழை வேற.

நீங்க போட்டிருக்கறது ஹூடிதானே? எங்க அண்ணன் மக செம்மொழி ஒண்ணு வச்சிருக்கு. சித்திர வெயில்லயும் அதுக்குள்ளதான் இருக்கும். ஏண்டி, இது மழைக்கா குளுருக்கான்னு கேட்டா, ரெண்டுக்கும் இல்ல அத்த, சும்மாங்குது. நானும் ஒருநாளு மாட்டிக்கிட்டு கண்ணாடியில பாத்தேன். கோழி திருட வந்தவ மாதிரி இருந்துச்சு. நீங்க என்னங்க, மூக்குவரைக்கும் இழுத்து விட்டுருக்கீங்க? வழி தெரியுதா?

சும்மா ரெண்டு பேருதானே, முக்காடுன்னா என்ன கொங்காணின்னா என்னன்னு நெனப்பீங்க. எங்கூர்ல சொல்லிறாதீங்க. ஊரே ரெண்டுபட்டுக் கெடக்கு.

போன மாசம் வரைக்கும் ஒரு சொட்டு மழை இல்ல. வாய்க்கால்ல தண்ணி வந்து சேரல. வெதச்ச நெல்லு மொளச்சு, சாண் உசரத்துல கருகுது. சரின்னு கொடும்பாவி கட்டுனாங்க. தெரியும்ல? வைக்கோல்ல ஒரு ஆம்பளையச் செஞ்சு, ஊருல உள்ள பாவமெல்லாம் இவன்தான் பண்ணான்னு தெருத்தெருவா இழுத்துட்டுப் போவாங்க. பின்னால பொம்பளைங்க மாரடிச்சு ஒப்பாரி வைக்கணும். அதக் கேட்டு வானம் எரங்குமாம்.

ஒப்பாரிக்கு ஆளு இருக்கு. பொண்டாட்டிக்குத்தான் ஆளு இல்ல. ஆமாங்க, கொடும்பாவிக்கும் ஒரு பொண்டாட்டி வேணுமே, முக்காடு போட்டு முன்னால நடக்க. புருசன் இருக்கறவ எவளும் வரமாட்டேன்னுட்டா. புருசன் செத்தவங்களக் கேட்டா, ஒரு தடவ அழுததே போதும்டி, வைக்கோலுக்கு வேற அழுவணுமாங்குறாங்க. அப்புறம் எல்லாருமா என்னயத் திரும்பிப் பாத்தாங்க.

ஏன் என்னயன்னு கேக்கலியே நீங்க?

எங்க வீட்டுக்காரரு தண்ணி எறைக்கற இன்ஜினுக்கு பெல்ட்டு வாங்கப் போனவருங்க. கஜா புயல் அடிச்சுதே, அதுக்கு முந்துன தை மாசம். கும்பகோணம் போயி பெல்ட்டு வாங்கியாறேன்னு போனாரு. அதுக்கு முன்னயும் போவாரு; பெல்ட்டு வாங்கப் போயி ஓமப்பொடி வாங்கிட்டு வருவாரு. பலாப்பழம் வாங்கிட்டு வருவாரு. ஒருக்கா ஒரு கிளிக்கூண்டு, கிளி இல்லாம. அந்தத் தடவ ஒண்ணுமே வரல, அவரும் வரல. திருப்பூர்ல பாத்தேம்பான் ஒருத்தன். கேரளாவுல பரோட்டா போடுறாருன்னான் இன்னொருத்தன். அவருக்கு மாவும் பெசையத் தெரியாது.

பேரா? பேரச் சொல்லிப் பழக்கமில்லீங்க.

அவரு தங்கச்சி ராமாயிதான் சொன்னா, அண்ணி, நீங்க போடுங்க முக்காடு, உங்களுக்கு என்ன போச்சுன்னு. போட்டா என்ன போகும்னு அவளுக்குத் தெரியாதா? அத மட்டும் சொன்னா பரவால்ல, கொடும்பாவிக்குச் சட்ட இல்லைன்னு எங்க வீட்டுக் கொடியிலேருந்து அவங்க அண்ணன் சட்டைய உருவிட்டுப் போயி மாட்டிட்டா. நீலக் கட்டம் போட்ட சட்ட. தொப்பை வேற வச்சிருந்தாங்க, அச்சு அசலு அவரேதான். கால ரெண்டையும் கட்டி இழுக்கயில சட்ட மேல ஏறி வயிறு தெரியுது. எல்லாரும் அழுவுறாங்க, எனக்குச் சிரிப்பாணி அடக்க முடியல.

மண்ட பொளக்குற வெயிலு. நான் முக்காடு போடல. இந்தச் சாக்க மாட்டிக்கிட்டுப் போயி முன்னால நின்னேன். ராமாயி ஒப்பாரிய நிறுத்திப்புட்டா. எழவு வீட்டுல கொங்காணியா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாங்குறா. கோவம் வந்தா வாங்க போங்க எல்லாம் பறந்துரும் அவளுக்கு. நான் ஒண்ணுதான் சொன்னேன். முடிஞ்சு போனதுக்குப் போடுறது முக்காடு, வரப்போறதுக்குப் போடுறது கொங்காணி. உங்களுக்கு மழை வரணுமா, வேணாமா?

வாய்க்கா மதகு தாண்டல. புடிச்சுது பாருங்க மழை. ஒப்பாரிக்காரங்க அத்தன பேரும் முக்காட்டோட தொப்பலா நனஞ்சு, பாதி பாட்டுல ஓடுறாங்க. நான் ஒருத்திதான் நனையாம நடந்து வந்தேன். கொடும்பாவிய அப்படியே போட்டுட்டாங்க. சட்டைய மட்டும் அவுத்துட்டு வந்தேன். தொவச்சு வச்சிருக்கேன்.

அன்னைலேருந்து பாதி ஊரு, ஒப்பாரிக்குப் பேஞ்ச மழைங்குது. மீதி ஊரு, கொங்காணிக்குப் பேஞ்ச மழைங்குது. டீக்கடையில இதுக்காக பேச்சுவார்த்த இல்லாமப் போன மச்சான் மாப்பிள்ளைங்க இருக்காங்க. சிரிக்கிறீங்களா? தோளு குலுங்குது.

ராமாயி மட்டும் விடல. வராத ஆளுக்குக் காரியம் பண்ணாம வச்சிருக்கறது குடும்பத்துக்கு ஆவாதுன்னு சோசியக்காரி பிரகதாம்பாள் சொல்லிச்சாம். நாளைக்கு அமாவாசை. பூம்புகார் போயி கடல்ல பிண்டம் கரைக்கறதுக்கு வேன் பேசியாச்சு. எங்க அண்ணன் கோடிச் சேல எடுத்துட்டாரு. இதான், இந்தக் கவர்ல இருக்கு. புருசன் செத்தா பொறந்த வீட்டுலேருந்து எடுத்துப் போடுற சேல. நாளைக்கு இதத்தான் என் தலையில முக்காடா இழுத்து விட்டு, நடுவுல உக்கார வச்சு, சுத்தி நின்னு அழுவாங்க. அத்தோட அவரு செத்துப்போயிருவாரு. எங்கயாச்சும் பரோட்டா போட்டுக்கிட்டு இருந்தாலும் செத்துப்போயிருவாரு. அதான் எடுத்த திருப்பனந்தாள் கடையிலயே திருப்பிக் குடுத்துட்டு ரெண்டு தார்ப்பாய் வாங்கலாம்னு கெளம்புனேன். ரெண்டும் ஒரே கடையில விக்காதுன்னு தெரியும். ஆனா வீட்டுல உக்காந்திருக்க முடியலியே.

இந்த பஸ்ஸா? இதுவும் போகட்டும்.

மழை விட்டுருச்சு, பாத்தீங்களா? நான் எப்பவோ சாக்க எடுத்து மடிச்சு வச்சுட்டேன். அதாங்க கொங்காணி. மழை விட்டா எடுத்துரணும். மழை விட்டப்புறமும் மூஞ்சிய மூடிக்கிட்டு உக்காந்திருந்தா அது ஹூடியும் இல்ல, கொங்காணியும் இல்ல. முக்காடு. எங்கூர்ல ஆம்பளைங்க முக்காடு போடுறதில்லீங்க. எடுங்க.

எடுங்கன்னா. எறங்குன பொறவும் டிக்கெட்ட பத்திரமா காதுல சொருகிக்கிற ஆளு இந்த உலகத்துல ஒருத்தருதான். அந்தக் குல்லாக்குள்ள கைய விட்டு நீங்க சொருகயிலயே கண்டுட்டேன்.

நரச்சுப் போச்சு. தலையெல்லாம் ஈரம். இந்தாங்க, இந்தக் கோடியில தொவட்டிக்கங்க. புதுசுதான், நல்லா ஈரம் இழுக்கும்.

எங்க இருந்தீங்கன்னு வீட்டுல வச்சுக் கேட்டுக்கறேன், ரோட்டுல வேணாம். எந்திரிங்க. பைய மறந்துறாதீங்க. உள்ள இருக்கறது பெல்ட்டுன்னு தெரியுது. அந்த இன்ஜின வித்துட்டேங்க. பரவால்ல, கொண்டாங்க.