பாட்டுக்குள் இரண்டு விசில்

வெள்ளிக்கிழமை, பிள்ளையாருக்கு அருகம்புல் வாங்கிக்கொண்டு நெல்லித்தோப்பில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் அறுபது தாண்டிய புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள்.

"உங்க பாட்டுல வர்ற குக்கர் விசில வெட்டிடச் சொல்லிட்டேன்," என்றார் அந்த அம்மா. என் காது அங்கேயே போய்விட்டது.

"யாரக் கேட்டு சொன்ன?"

"மவன் உங்க பழைய கேசட்ட ஸ்டுடியோவுல குடுத்து சுத்தம் பண்றான். நாலு பேர் கேக்கப் போற பாட்டு, சமையக்கட்டு சத்தம் வேணுமா? ஏற்கெனவே இங்கிலீஷ் பாட்டுல 'யூ'ன்னு பாடாம 'தௌ'ன்னு (thou) பாடி வச்சிருக்கீங்க. அந்தக் காலத்து இங்கிலீஷ யாருங்க இப்ப பேசுறா?"

"பழைய இங்கிலீஷ் பைபிள்ல கர்த்தர அப்பிடித்தான் கூப்புடுவாங்க. ஒன்னக் கூப்புட அதவிட நல்ல வார்த்த எனக்குக் கெடைக்கல."

"ஐயே! பஸ்சுல வந்து பேசுற பேச்சப் பாரு."

"கேசட்டுல எத்தன விசில் கேக்குது?"

"ரெண்டு."

"நம்ம வீட்டு சோத்துக்கு?"

"நாலு."

"வீட்டுல நான் பாடிப் பதிவு பண்றப்ப, பாட்டு கெட்டுடப் போவுதுன்னு நீதான் ஓடிப்போயி அடுப்ப அணைச்ச. அன்னிக்கு ரெண்டு பேரும் அரிசியத்தான் மென்னோம்."

அந்த அம்மா பையிலிருந்து போனை எடுத்தார்.

"தம்பி, விசில வெட்டிட்டியா?"

வெட்டியிருக்கக் கூடாதே பிள்ளையாரப்பா என்று நானும் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"இன்னும் இல்லியா? ஆண்டவருக்கு தோத்திரம். அத அப்பிடியே விட்டுடுப்பா. அந்தப் பாட்டுல நான் வர்ற எடம் அது ஒண்ணுதான்."