கழிக்கப்பட்ட அறுபத்தெட்டு கிலோ

எழுபத்திரண்டு மணி நேரம் ஒரு கதவைச் சாத்தி வைப்பது பெரிய வேலை இல்லை, ஐயா. எல்லோரும் அதை ஏதோ அதிசயம்போலக் கேட்கிறார்கள்.

எங்கள் கூட்டு ஆய்வு இதுதான். இரண்டு பொருள்கள் மிக அருகில் இருக்கும்போதும் ஈர்ப்பு விசை பழைய சூத்திரப்படியே நடந்துகொள்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலவறையில் முடியைவிட மெல்லிய இழையில் ஒரு சிறு தண்டு தொங்கும். எடையுள்ள எது பக்கத்தில் வந்தாலும் இம்மியளவு திரும்பும். நடுவில் கதவைத் திறந்தால் எல்லாம் வீண்; மறுபடி தொடங்க ஒரு மாதம் ஆகும். கடல் கடந்த இன்னொரு கூடத்திலும் இதே கருவி இதே நேரத்தில் ஓடும். நூற்றுநான்கு பேரின் உழைப்பு.

அன்று காலை தொடங்குவதற்குச் சற்று முன் வயர் அண்ணன் உள்ளே போனார். கம்பி இணைப்புகளைப் பார்த்துக்கொள்பவர் என்பதால் அந்தப் பெயர்.

"ஒரு வயர் லூசா இருக்கும்மா. ஏணியில ஏறி இறுக்கிட்டு வந்துடுறேன். என்னை உள்ள வெச்சுப் பூட்டிடாத, உங்க அண்ணி உன்னைச் சும்மா விடமாட்டா."

தொடங்க வேண்டிய மணி பத்தானது. உள்ளே ஏணி சரிந்த சத்தம் கேட்டது. சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. கதவைச் சாத்தினேன். அது வெளியிலிருந்து மட்டுமே திறக்கும்.

மறுநாள் கூட்டம் திரையில் நடந்தது. என் முறை வந்ததும் சொன்னேன்.

"அறையில கூடுதலா ஒரு நிறை இருக்கு சார். அறுபத்தெட்டு கிலோ. கதவுக்குப் பக்கத்துல."

"நகருதா?" என்றார் தலைவர்.

"இப்ப இல்ல சார்."

"அப்புறம் என்ன? கழிச்சிட்டுப் போம்மா. இதுக்கெல்லாமா கூட்டத்தை நிறுத்துவ?"

அது என்ன நிறை என்று நூற்றுநான்கு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் என்று கேட்டார்.

மதியம் அண்ணி போன் செய்தார்.

"உங்க அண்ணன் அங்கதான் இருக்காரா? போனே எடுக்கல."

"இங்கதான் இருக்காரு அண்ணி. உள்ள போன் கொண்டு போகக் கூடாது."

"வேலைன்னு வந்துட்டா வீடு மறந்துடும் அந்த மனுஷனுக்கு. சாப்பிட்டாராம்மா?"

"அது தெரியல அண்ணி."

நான் எதிலும் பொய் சொல்லவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அறையின் வெப்பநிலை சற்றுக் கூடி எங்களைக் கவலைப்படுத்தியது. மூன்றாம் நாள் அதுவும் இயல்புக்கு வந்துவிட்டது. முடிவு அருமையாக அமைந்தது. பழைய சூத்திரம் சரிதான்.

கதவைத் திறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்தது. தலைவர் கண் கலங்கினார். கட்டுரையில் நூற்றைந்தாவது பெயராக அண்ணனைச் சேர்த்தோம். பிணவறையில் எடை பார்த்தார்கள். அறுபத்தேழே முக்கால். எங்கள் கணக்கு பரவாயில்லை.

விழுந்ததுமே உயிர் போயிருக்கும், யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று எல்லோரும் அண்ணிக்கு ஆறுதல் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

முதல் பதினேழு மணி நேரத்தின் தரவு கட்டுரையில் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். கருவி நிலைகொள்வதற்காக விட்ட நேரம் என்று எழுதியிருக்கிறேன். அப்படி எழுதுவது எங்கள் துறையில் வழக்கம்தான். அந்த நேரத்தில் தண்டு நிலையாக இல்லை, ஐயா. ஏணி இருந்தது அறையின் மறுகோடியில். அங்கிருந்து அறுபத்தெட்டு கிலோ, நின்று நின்று, கதவை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.