காரை எரித்தது காலிப் பெட்டிகள் அல்ல

கோவில்பட்டி புறவழிச்சாலையில் கார் பட்டறை வைத்திருக்கும் மணிராஜ் என்பவர், என் மகனுடைய காரில் புது ஏர் ஃபில்டர் மாட்ட இடம் போதவில்லை என்று, எஞ்சின் சூட்டை மறைத்துக்கொண்டிருந்த தகட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த ஃபில்டரின் மேல் எண்ணெய்த் துணியைச் சுற்றிக் கட்டினார். அதனால்தான் கார் எரிந்தது. அதனால்தான் என் மருமகள் வெந்தாள். காரில் இருந்த தீப்பெட்டிகளால் அல்ல. இதை முதலில் எழுதிக்கொண்டு என் பெயரைப் பிறகு எழுதுங்கள் என்று உதவி ஆய்வாளரிடம் சொன்னேன். பெயர்தான் முதலில் எழுதுவது முறை என்றார். நான் எழுந்து நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு நான் சொன்னபடி எழுதினார்.

என் பெயர் வெயிலுகந்தம்மாள். வயது அறுபத்தேழு. கணவர் பெயர் சிவனாண்டி, காலமாகிவிட்டார். இடைசெவல் வடக்குத் தெருவில் குடியிருக்கிறேன். உளுந்தும் பருத்தியும் விதைத்துப் பிழைக்கிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதப் படிக்க நானாகவே கற்றுக்கொண்டேன். என் மகன் இசக்கிபாண்டி பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறான். அவன் மனைவி தங்கமாரி வீட்டில் இருந்தபடியே தீப்பெட்டி செய்யும் ஆபீசுக்குக் காலிப் பெட்டி ஒட்டிக் கொடுக்கிறாள்.

போன மாதம் கார் மேட்டில் ஏறாமல் திணறுகிறது என்று மகன் அதை மணிராஜ் பட்டறைக்குக் கொண்டுபோனான். விதை உளுந்து வாங்க நானும் உடன் போயிருந்தேன். மணிராஜ், கம்பெனியில் வந்த ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு வெளியில் விற்கும் கூம்பு ஃபில்டரை மாட்டினால் வண்டி நன்றாக இழுக்கும் என்றார். மாட்டும்போது அதன் வளைந்த குழாய், புகைக்குழாய்க்கு மேலே இருந்த தகட்டில் முட்டியது. திருப்பிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், முட்டியது.

"அண்ணாச்சி, இடம் பத்தாது போலுக்க" என்றான் என் மகன்.

"இடம் இல்லன்னா பண்ணிக்கிட வேண்டியதுதாம்லே" என்று சொல்லிவிட்டு மணிராஜ் அந்தத் தகட்டைக் கழற்றிக் கீழே போட்டார்.

"இத இனி எங்கன மாட்டுவிய?" என்று நான் கேட்டேன்.

"இது சும்மா தகடு ஆச்சி. கடகடன்னு சத்தம் போடும், வேற சோலி கெடையாது."

"எங்கம்மா அப்படித்தான் கேப்பா அண்ணாச்சி. மூட்டைக்குக் கயிறு மாத்தினாலும் பழசு எங்கன்னு கேப்பா" என்று என் மகன் சொல்ல, பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தகட்டை எங்களிடம் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு என் மகன், "எங்க உளுந்துக் காட்டுப் பாதையில புழுதி அள்ளுமே, இது தெறந்துல்லா கெடக்கு" என்றான். மணிராஜ், "உழவு டிராக்டருக்குத் துணி கட்டுதீங்கள்லா, அதே மாதிரி கட்டிருவோம்" என்று பழைய வேட்டியில் ஒரு கிழிசலை எண்ணெயில் முக்கி ஃபில்டரைச் சுற்றிக் கட்டினார். கோடை உழவில் டிராக்டருக்கு அப்படிக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். டிராக்டரில் காற்று இழுக்கும் குழாய் வெளியே, உயரத்தில் நிற்கும். இந்தத் துணியோ காரின் முன் மூடிக்குள்ளே புகைக்குழாயை ஒட்டிக் கிடந்தது. அன்று எனக்கும் அது தப்பாகப் படவில்லை. ஆனால் பட்டறை வைத்திருப்பவர் நான் அல்ல.

சென்ற திங்கட்கிழமை காலையில் தங்கமாரி ஒட்டிய காலிப் பெட்டிக் கட்டுகளைக் காரின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு மூவரும் கோவில்பட்டிக்குப் புறப்பட்டோம். மருந்தில் முக்கி எடுத்த தீக்குச்சி ஒன்றுகூட வண்டியில் இல்லை. காட்டுப் பாதையைத் தாண்டி ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் துணி கருகும் வாடை அடித்தது. மகன் ஓரமாக நிறுத்தி எங்களை இறங்கச் சொல்லிவிட்டு முன் மூடியைத் தூக்கினான். கட்டியிருந்த துணி அவிழ்ந்து புகைக்குழாய் மேல் கிடந்து எரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் டீசல் போகும் ரப்பர் குழாயிலும் தீ பிடித்திருந்தது. மூடி திறந்ததும் தீ மேலே எழும்பியது. தங்கமாரி ஓடிப்போய் அவனைச் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவன் மல்லாக்க விழுந்தான். அவள் கட்டியிருந்தது நைலக்ஸ் சேலை.

நான் அவளை ரோட்டிலிருந்து உழுத காட்டுக்குள் தள்ளி, மண்ணில் புரட்டி, மண்ணை அள்ளிப் போட்டேன். பிளாஸ்டிக் வளையல் கையோடு ஒட்டிப்போயிருந்தது. அவள் அழவில்லை. "அத்தே, அவியளுக்கு ஒண்ணும் ஆகலல்லா?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன். மறுபடியும் அதையே கேட்டாள். ஆம்புலன்சில் ஏற்றும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் பார்த்து, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே வாசலில் வைத்து என் மகனைப் போலீஸ்காரர்கள் கூட்டிப்போனார்கள். காரில் தீப்பெட்டிச் சரக்கும் மருந்தும் ஏற்றி வந்ததால் தீப்பிடித்தது என்று அவன் பேரில் எழுதியிருக்கிறார்கள். முன்பக்கம் உருகிப்போன காரில், பின்னால் இருந்த பெட்டிகளில் பாதி இன்னும் அட்டை நிறத்திலேயே கிடக்கின்றன. தீ அங்கே தொடங்கியிருந்தால் அவை எப்படி மிஞ்சும் என்று கேட்டேன். 

இன்று காலையில் நான் தனியாக மணிராஜ் பட்டறைக்குப் போனேன். கழற்றிய தகடு சாமி படத்துக்குக் கீழே இருந்தது. அதன்மேல் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மணிராஜ் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஆச்சி, போலீஸ்ல தீப்பெட்டின்னு எழுதிட்டாவள்லா, அதோட விட்டுருங்க. எம் பேர இழுக்காதீய" என்றார்.  பஸ் ஏறி நேரே இங்கே வந்தேன்.

மேலே எழுதியிருப்பதில் நான் பார்த்ததும் என் காதால் கேட்டதும் தவிர வேறு இல்லை. வாசித்துக் காட்டப்பட்டது என்று போட வேண்டாம். தாளை வாங்கி நானே வாசித்தேன். இனி நடக்க வேண்டியவை:

உதவி ஆய்வாளர் இன்றே போய் அந்தத் தகட்டைக் கைப்பற்ற வேண்டும். நாளைக்குப் போனால் அது அங்கே இருக்காது. மோட்டார் வாகன ஆய்வாளர் அதன் துளைகளை எங்கள் எஞ்சினில் வைத்துப் பார்க்க வேண்டும். இதுவரை வந்தவர்கள் எல்லாரும் காரின் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை சீனி, தங்கமாரிக்குக் கொடுத்தது வெறும் அட்டைதான் என்று வந்து சொல்ல வேண்டும். மணிராஜ் இதேபோல் துணி கட்டிவிட்ட வண்டிகள் எவை என்று சொல்லி, தன் கையாலேயே அவிழ்க்க வேண்டும். "மருந்தும்" என்ற சொல்லை எழுதியவர் யாரோ அவரே அதை அடிக்க வேண்டும்.

என் மகனை இன்றே விட வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் ஆய்வாளர். பாளையங்கோட்டை டாக்டர் என்னிடம், பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். தங்கமாரி பார்க்க வேண்டியது அவன் ஒருவனைத்தான்.

(ஒப்பம்)
சி. வெயிலுகந்தம்மாள்