விறகு வாங்கிக் குடுத்த முதலிடம்

மெஷினை நிறுத்துங்கண்ணே, சொல்றேன். இந்தப் போஸ்டரை என் கையெழுத்து இல்லாம அச்சடிக்கக் கூடாதுன்னுதானே உங்களுக்கு உத்தரவு? போட மாட்டேன். புள்ளிவிவரம் எடுத்துக் குடுத்ததே நான்தான். ஆனா இது இப்படியே வெளிய போகக் கூடாது.

தப்பா? எண்ணுல ஒரு தப்பும் இல்லண்ணே, அதான் வயித்தெரிச்சல். இங்க பாருங்க, மொத்த எரிசக்தியில தீர்ந்து போகாதது எவ்வளவு பங்குன்னு, நாடு வாரியா. இந்தக் கோடு கடலோரமா காத்தாலை நட்ட நாடு. அடிமட்டத்துல கிடந்தது, வருஷா வருஷம் ஏறுது. இது வீட்டுக்கு வீடு சோலார் போட்ட நாடு, அதுவும் ஏறுது. உச்சாணியில நிக்குதே, அது நாம.

எப்படி அங்க போனோமா? நல்லா கேட்டீங்க. காத்தாலையும் இல்ல, சோலாரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. விறகு! வரட்டி! மரம் திரும்ப முளைக்குமாம், அதனால அதுவும் தீராத கணக்குல சேர்த்தி. நம்ம ஊர்ப் பொம்பளைங்கல்லாம் கண்ணைக் கசக்கிக்கிட்டு அடுப்பு ஊதினதுக்கு நமக்கு முதலிடம். அப்புறம் கேஸ் வந்துச்சு, மூச்சு விட்டாங்க. கேஸ் இந்தக் கணக்குல வராதே, கோடு சரசரன்னு இறங்கிடுச்சு.

எங்க துறை டைரக்டர் இருக்காரே, அந்த இறங்கற பாதியைக் கத்தரிச்சுட்டாரு. உலகுக்கே வழிகாட்டிய நாடுன்னு கொட்டை எழுத்துல தலைப்பு. நாளைக்கு மாநாடு, மேடை, மாலை, கைதட்டு. த்தூ! விறகுன்னு ஒரு வரியாவது சேருங்க சார்னு கெஞ்சினேன். அதையெல்லாம் யாரும்மா படிக்கப் போறாங்கன்னு சிரிக்கறாரு. வெக்கம் மானம் எதுவும் கிடையாது.

வேலை போகுமா? போகட்டுமே. வேற யாரையாவது வெச்சுக் கையெழுத்து வாங்கிக்கட்டும். என் கையால நடக்காது.

கொதிக்காம என்ன செய்யச் சொல்றீங்க? எங்கம்மா பீடி, சிகரெட்டைக் கையால தொட்டதில்ல. நுரையீரல் கரியாப் போயிருக்குன்னு டாக்டர் சொல்றாரு. எல்லாம் அடுப்புப் புகை. மூக்குல குழாயைச் சொருகிக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடக்காங்க. பேச்சு வரல, ஆனா கதவு திறந்தா போதும், பெரியவன் வந்துட்டானான்னு தலையைத் தூக்கிப் பார்க்கறாங்க. மாநாடு முடியட்டும், வரேன்னு சொல்லி அனுப்பியிருக்கான் மகராசன்.

பெரியவன் யாரா? அதான் சொன்னேனே, எங்க டைரக்டர். என் கூடப்பொறந்தவன்தான். அந்த அடுப்புல பொங்கிப் போட்டுத்தான் அம்மா அவனைப் படிக்க வெச்சாங்க.