நீலக் கதவு போட்ட அடுப்படி

நண்டு சமைத்தால் அந்த வாடை லேசில் வீட்டைவிட்டுப் போகாது, சார். கோட்டைப்பட்டினத்து நண்டு என்றால் கேட்கவே வேண்டாம். என் மருமகள் ஷெரினுக்கு அது ஆகாது. அதனால் கொல்லையில் தனியாக ஓர் அடுப்படி கட்டுகிறேன் என்று நானே சொன்னேன். ஆவூரில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள், அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. மருமகள் மெச்சிய மாமியார் இல்லை என்பார்கள். அவள் என்னை மெச்சினாள்.

"அத்தை, யூடியூப்ல காட்டுறாங்களே, அதே மாதிரி இருக்கு" என்று சுற்றிச் சுற்றி வந்தாள். கிரானைட் மேடை, மேலே தகரக் கூரை, மேடைக்குக் கீழே நீலப் பெயின்ட் அடித்த இரும்புக் கதவுகள். சிலிண்டர் வைக்கிற இடத்தில் கதவுக்கு அடியில் ஓட்டை போடவா என்று வெல்டிங் பிச்சைமுத்து கேட்டார்.

"வேணாம்ப்பா, எலி பூந்துரும்" என்றேன்.

கேஸ் காற்றைவிடக் கனமானது, அடியில்தான் தேங்கும் என்று பள்ளிக்கூடத்தில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஷெரின் நர்ஸ். அயர்லாந்தில் வேலை கிடைத்திருந்தது. ஈஸ்டர் முடிந்ததும் என் மகன் ஜெஸ்வினையும் கூட்டிக்கொண்டு கிளம்புவதாக இருந்தாள். அவன் நடக்கப் பழகும் முன்பே அவன் அப்பா போய்விட்டார். இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள் என்று அண்ணன்மார் தலைபாடாய் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அவன் போதும் என்று இருந்துவிட்டேன். அவனும் போய்விட்டால் நான் யாருக்குச் சமைப்பது? வயிறு எரிந்தது, சார். அவள் இல்லாவிட்டால் அவன் போகமாட்டான் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி பாஸ்கா பூசையில் ஏற்றிய மெழுகுதிரியை அணையாமல் கொண்டுவந்து மாதா சுரூபத்துக்கு முன் வைப்போம். தவக்காலம் முழுக்கக் கறி தொடாத வீடு. விடிந்ததும் அந்தத் தீயில்தான் வீட்டு மருமகள் கறிக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். சிலிண்டரைத் திறக்க நீலக் கதவைத் திறந்தாக வேண்டும். கையில் திரி இருக்கும்.

ஈஸ்டர் அன்று எல்லாருக்கும் முன்னால் எழுந்து போய், கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து இஞ்சி உரித்தேன்.

திரியை ஏந்திக்கொண்டு வந்தது ஜெஸ்வின்.

"ஷெரின் எங்கடா?"

"பூசையில நின்னது கால் வலிக்குதாம்மா. தூங்கட்டும், பாவம். நான் பத்த வைக்கிறேன், நீ இங்கிட்டே இரு."

காற்றில் அணையாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு மெல்ல நடந்தான். கூப்பிட்டால் கேட்கும். வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பான். சொன்னால் அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான், செத்தாலும் என் முகத்தில் விழிக்கமாட்டான். வாயை மூடிக்கொண்டேன். அவன் குனிந்து கதவைத் திறந்தான்.

கதவுகளில் ஒன்று பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தடியில் கிடந்ததாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. ஷெரின் அலறிக்கொண்டு ஓடினாள். நான் உரித்த இஞ்சியைத் தண்ணீரில் போட்டேன்.

கேஸைத் திறந்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஷெரின் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவள் அயர்லாந்து போகட்டும், நல்லா இருக்கட்டும். ஜெஸ்வினைக் கோயில் கல்லறைத் தோட்டத்தில்தான் வைத்திருக்கிறோம். வீட்டு வாசலில் நின்றால் தெரியும்.

பிள்ளை என்னைவிட்டுப் போகவில்லை, சார்.