ஓடாத காருக்கு உபசாரம்

பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த யுத்த காலம். மயிலாப்பூர் டிராமில் எனக்கு முன்னால் இரண்டு மாமிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எதிராத்துக் கார் ஓடி மூணு மாசமாச்சு. ஆனா அதோட பேட்டரியைக் கூடத்து நடுவுல வெச்சு சார்ஜ் பண்றா. வரவா போறவா பாக்கணுமாம்!"

"ஜன்னலைத் திறந்து வெச்சிருக்காளோ? சார்ஜ் ஏறறச்சே பேட்டரிலேர்ந்து வாயு வரும், நெருப்பு பட்டா வெடிச்சுடும்."

"எங்காத்துக்காரரும் அதையேதான் சொன்னார். அவ கொசு வரும்னு சாத்தி வெச்சிருக்கா."

"நீங்க சொல்லப்படாதோ?"

"கார் வாங்கறச்சே அவ என்கிட்ட சொன்னாளா?"

வெளியே இருட்டத் தொடங்கியது.

"ஐயையோ, கூடத்துல விளக்கேத்துவாளே!" டிராம் நிற்பதற்குள் கார்க் கதை சொன்ன மாமி எழுந்துவிட்டாள். "வழி விடுங்கோ! வெடிச்சுதுன்னா ஊரே அவாத்தைப் பத்தித்தான் பேசும்!"