பதினான்காயிரம் மச்சங்கள்

மார்ச் 12, செவ்வாய்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ஒருவருக்கு வலது கன்னத்தில் வைக்க வேண்டிய மச்சத்தை இடது கன்னத்தில் வைத்துவிட்டேன். அவர் கண்ணாடியைப் பார்த்து நின்றார், நானும் கண்ணாடியைப் பார்த்தே வைத்தேன், அதனால் வந்த குழப்பம். உடனே துடைத்துவிட்டுச் சரியான பக்கம் வைத்தேன். இடது கன்னத்தில் லேசாகக் கறை நின்றுவிட்டது. அவர் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்.

மேடம், தினமும் செய்த தவறு ஒன்றை அரைப் பக்கத்துக்கு எழுதி வரச் சொல்லியிருக்கிறீர்கள். எழுத்துப் பயிற்சி வகுப்பில் மற்றவர்கள் பால் பொங்கி வழிந்தது, பஸ்ஸைத் தவறவிட்டது என்று எழுதுகிறார்கள். எனக்கு அரைப் பக்கம் போதாது. மச்சத்தை எப்படி வைப்பது என்று நீங்கள் ஓரத்தில் சிவப்பு மையால் கேள்விக்குறி போடுவீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அடையாள அட்டை அலுவலகத்தில் பழைய காகிதப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு. பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஏற்றிய பிறகு கடைசியில் ஒரு கட்டம் வரும். அங்க அடையாளம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் போட்ட கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. அதுமட்டுமில்லாமல், அதுவரை அடித்த எல்லாவற்றையும் அழித்துவிடும். பழைய பதிவேட்டிலோ அந்தக் கட்டத்தை யாருமே நிரப்பவில்லை.

கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்டேன். அவர் அப்போது தன் கடவுச்சொல்லை மறந்துவிட்டு மேசை இழுப்பறையில் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மனுஷனா பொறந்தா ஒரு மச்சம்கூடவா இருக்காது? எதையாவது போட்டு முடி."

நான் எதையாவது போடுகிற ஆள் இல்லை. ஒரு அட்டவணை தயாரித்தேன். திங்கட்கிழமை ஏற்றப்படுபவர்களுக்கு வலது கன்னம், செவ்வாய் தாடை, புதன் கழுத்து, வியாழன் மணிக்கட்டு, வெள்ளி நெற்றி. குழந்தைகளுக்கு 'சிறிய மச்சம்' என்று போட்டேன். எழுத்து அழகாக இருந்தவர்களுக்கு மட்டும் கிழமை பார்க்காமல் மேலுதடு கொடுத்தேன். ஒரு வாரம் சலிப்புத் தட்டி இடுப்பில் போட்டேன். அது தேவையில்லாதது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு நாள் மாறுதலுக்காக நாற்பத்தொரு பேருக்கு 'சிறு வயதில் விழுந்த தழும்பு' என்று போட்டேன். அன்று வீட்டுக்குப் போனதும் சாப்பிடப் பிடிக்கவில்லை. நாற்பத்தொரு குழந்தைகளைத் தள்ளிவிட்டது நான்தானே. மறுநாளிலிருந்து மறுபடி மச்சத்துக்கே வந்துவிட்டேன்.

எட்டு மாதத்தில் பதினான்காயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லாத ஒரே அலுவலகம் என்று எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். கண்காணிப்பாளர் அதை வாங்கும்போது, "சரியான மச்சக்காரன் நான்" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்குக் கழுத்தில். பழைய பதிவேடுகளைக் கூழாக்க லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

பிறகுதான் புது விதி வந்தது. அட்டையைக் கொண்டு எந்த வேலைக்கு வந்தாலும், திரையில் உள்ள அடையாளத்தை ஆளிடம் பார்த்துச் சரி என்று குறிக்க வேண்டுமாம். மூன்றாம் கவுண்டரில் இருப்பவர் எதையும் பார்க்காமல் குறிக்கிற ஆள் இல்லை.

முதல் வாரமே ஒரு தம்பதி வந்தார்கள்.

"சார், உங்களுக்கு இடுப்புல மச்சம்னு இருக்கு. காட்டுங்க."

"எனக்கு மச்சமே கிடையாதுங்க."

"கம்ப்யூட்டர்ல இருக்கே."

அந்த அம்மா கணவனைத் திரும்பிப் பார்த்தார். "இருபது வருஷமா குடித்தனம் பண்றேன். எனக்குத் தெரியாத மச்சம் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அடிப்பாவி, நானே இப்பத்தான் கேள்விப்படறேன்."

"யாருகிட்ட காட்டினீங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

திருத்த வழி இருக்கிறது. மச்சம் இல்லை என்று டாக்டர் சான்றிதழ் வேண்டும். இருப்பதற்குத்தான் சான்று தருவேன், இல்லாததற்கு எப்படித் தருவது என்கிறார் டாக்டர். அப்படியே வாங்கி வந்தாலும் திருத்த மனு கொடுப்பவர் தான் யார் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு மச்சத்தைக் காட்ட வேண்டும்.

ஒரு நாள் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கல்லூரியில் சேரக் கடைசி நாள், தாடையில் மச்சம் இல்லை. என் கைப்பையில் புருவப் பென்சில் இருந்தது. ஒரே ஒரு புள்ளிதான் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் அட்டையோடு சிரித்தபடி வந்தாள். எட்டு மாத வேலையில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான். மறுநாள் படிக்கட்டில் பதினோரு பேர் நின்றார்கள். இப்போதெல்லாம் டோக்கன் கொடுக்கிறேன்.

நான் செய்வது சரிதானா என்று தினமும் யோசிக்கிறேன். யோசித்து முடிக்கும்போது பெரும்பாலும் சரி என்றுதான் வருகிறது. பதிவேட்டில் பிழை என்று சொல்வதற்குப் பதிவேடே இல்லை. திரையில் இருப்பதுதான் மிச்சம். அப்படியானால் பிழை முகத்தில்தான் இருக்க வேண்டும். முகத்தைத் திருத்த மனுவும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். மேடம், உங்களுக்குப் பின்கழுத்தில். கவலைப்படாதீர்கள், முடி மறைத்துக்கொள்ளும்.

இப்போது அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காவுக்கு நகரப் பேருந்து ஓட்டுநர் வேலை கிடைத்திருக்கிறது. மூன்றாவது முயற்சி. முதல் தடவை தேர்வில் போனது, இரண்டாம் தடவை உயரம் ஒரு விரற்கடை குறைவு என்றார்கள். இந்தத் தடவை எல்லாம் தேறி, வியாழக்கிழமை எங்கள் அலுவலகத்தில் அட்டை சரிபார்ப்பு மட்டும் பாக்கி. தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அக்காவுக்கு வயது வரம்பும் இந்த வருடத்தோடு முடிகிறது. சாப்பாட்டுத் தட்டைப் பிடித்து ஸ்டியரிங் மாதிரித் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

அக்காவுக்கு மூக்கு நுனியில்.

மூக்கு நுனி என் அட்டவணையில் கிடையாது. எங்கள் தெருவின் பதிவேட்டுக் கட்டு ஒரு வியாழக்கிழமை வந்தது. அப்பாவுக்கு மணிக்கட்டு, அம்மாவுக்கு மணிக்கட்டு. எனக்கு அங்கே நிஜமாகவே மச்சம் இருக்கிறது. அக்காவுக்கு மட்டும் கை தானாக மூக்கு நுனி என்று அடித்துவிட்டது. அன்று நல்ல மழை. என் குடையை அக்கா எடுத்துக்கொண்டு போயிருந்தாள், நான் தொப்பலாக நனைந்து வந்து உட்கார்ந்திருந்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. தேதியைச் சரியாக எழுத வேண்டும் என்பதற்காகத்தான் மழையையும் எழுதுகிறேன்.

திருத்துவது ஒரு நிமிட வேலை. என் கடவுச்சொல் இன்னும் செல்லும். ஆனால் திருத்தினால் திருத்தியவர் பெயர் பதிவாகும். ஒன்றைத் திருத்தியவள் மற்றவற்றை ஏன் விட்டாள் என்று கேட்பார்கள். அதைவிட முக்கியம் நியாயம். சொந்த அக்கா என்பதால் சலுகை காட்டினாள் என்று பதினான்காயிரம் பேரில் ஒருவர்கூடச் சொல்லிவிடக் கூடாது.

பென்சிலும் இனி உதவாது. மூன்றாம் கவுண்டர்க்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்று மத்தியானத்திலிருந்து, தபால்தலை நனைக்க வைத்திருக்கும் ஈரப் பஞ்சால் தேய்த்துப் பார்க்கிறார்.

அதனால் இன்று சாயங்காலம் அக்காவிடம் பேசினேன். சின்ன வயதில் உனக்கு மூக்கு நுனியில் மச்சம் இருந்தது, மங்கிவிட்டது, அட்டையில் அதுதான் இருக்கிறது என்றேன்.

"எனக்கா? அம்மா, எனக்கு மூக்குல மச்சம் இருந்துச்சா?"

அம்மா துணி மடித்துக்கொண்டே, "இருந்துச்சே, நல்லா கடுகு மாதிரி. உங்க அப்பாதான் தூசின்னு நினைச்சுத் துடைச்சுக்கிட்டே இருப்பாரு" என்றாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மேடம், நான் பொய்தான் சொன்னேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அக்கா கண்ணாடி முன்னால் நின்று மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்ப என்னடி பண்றது?"

"பச்சை குத்திக்கலாம். அழியாது."

"பச்சைன்னா பச்சையாவா இருக்கும்?"

"கறுப்பாவும் குத்துவாங்கக்கா."

"குத்தட்டும். இந்த வேலைக்காக மூக்கையே அறுத்துக் குடுப்பேன், புள்ளி என்ன புள்ளி." அப்புறம் என் கன்னத்தைக் கிள்ளி, "நீ மட்டும் அந்த ஆபீஸ்ல இல்லேன்னா என் கதி என்னடி ஆகியிருக்கும்?" என்றாள்.

அதையும் யோசித்துப் பார்த்தேன். பதில் எழுத இடம் போதாது.

அக்காமேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை.

நாளை, புதன்: காலை ஒன்பது மணிக்கு அக்காவைப் பச்சை குத்துபவரிடம் அழைத்துப் போக வேண்டும். புள்ளி கடுகு அளவு போதும் என்பார், மிளகு அளவு கேட்க வேண்டும். திரும்பி வரும்போது அக்காவிடமிருந்து என் குடையை வாங்கிவிட வேண்டும்.